நாரே துடைப்பத்தை நீட்டிய நாள்

மேங் நாரேயை அவளுடைய தோளைப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். மூரியோங் ஊருக்கு வெளியே பெரிய ஐஸ் அரங்கம் ஒன்றைக் கட்டி முடித்திருந்த வருஷம் அது. கட்டியாயிற்று, விளையாட ஆள் வேண்டாமா? பெண்கள் பள்ளியின் உடற்பயிற்சி வாத்தியார் வகுப்பு வகுப்பாக வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். நாரேயின் அப்பாவுக்கு மலைக்கணவாயில் கருவாட்டுப் பந்தல் இருந்தது. குளிர்காலம் முழுக்க மீனைச் சோடி சோடியாகக் கோத்துத் தலைக்கு மேலே மரச்சட்டத்தில் ஏற்றி ஏற்றி, பதினாலு வயதிலேயே அவளுக்குத் தோள் திரண்டு போயிருந்தது.

"நீ வா" என்றார் வாத்தியார்.

பக்கத்தில் நின்ற பொமியை அவர் கண்டுகொள்ளவில்லை. பொமி பஸ் டிரைவர் மகள். ஒல்லி. சளி பிடித்தால் ஒரு மாதம் இருமுவாள்.

"அவளும் வந்தாத்தான் சார் நான் வருவேன்" என்றாள் நாரே. வாத்தியாருக்கு எண்ணிக்கை குறைந்தது. சரி என்று இருவரையும் எழுதிக்கொண்டார்.

கர்லிங் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. இருபது கிலோ கல்லை ஒருத்தி ஐஸ் மேல் வழுக்கி விடுவாள். இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். கடைசியில் வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் நெருங்கியிருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. நாரேயின் அப்பா ஒரு நாள் வந்து அரைமணி நேரம் நின்று பார்த்தார்.

"வீட்டைப் பெருக்கச் சொன்னா உங்கம்மாவோட சண்டைக்கு நிக்கிற. இங்க மட்டும் இந்தப் பெருக்கு பெருக்குறியே. பெருக்கி எங்கடி கொட்டுவ?" என்றார். அந்த வாரம் பூராவும் பந்தலில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வாத்தியாருக்கே ஆட்டம் சரியாகத் தெரியாது. ஜப்பானிலிருந்து வாங்கி வந்த விதிப் புத்தகத்தை வரி வரியாக வாசித்துக்காட்டுவார். அதில் ஒன்று நாரேக்கு அன்றே பிடித்துப்போனது. ஓடுகிற கல்லின் மேல் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால் நடுவர் விசில் ஊதமாட்டார். பட்டது என்று அந்த அணியேதான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். எதிரணி என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

"யாருமே பாக்கலைன்னா?" என்று கேட்டாள் பொமி.

"பாக்கலைன்னாலும் சொல்லணும்னு போட்டிருக்கு" என்றார் வாத்தியார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

நாரேயும் பொமியும் சேர்ந்து தேய்ப்பதைப் பார்க்க மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வருவார்கள். தலையும் தலையும் ஒட்டும், மூச்சும் மூச்சும் ஒன்றாகும். ஒல்லிக் குச்சியாக வந்த பொமி இரண்டு வருஷத்தில் கயிறு மாதிரி முறுக்கேறிவிட்டாள். பத்தொன்பது வயதில் இருவரையும் மாவட்ட அணியில் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தலைவி ஜின்ஜு இவர்களைவிட மூன்று வயது மூத்தவள். கடைசிக் கல்லை விடுகிறவள் அவள். அணியைக் கையில் வைத்திருந்தவர் கோச் பாங்.

பாங் கெட்ட வார்த்தை பேசமாட்டார். கை நீட்டமாட்டார். அதனாலேயே அவரைப் பற்றி யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை. விடுதிக்குள் நுழையும்போது கைப்பேசியை அவர் பையில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைக்கும். வீட்டுக்குப் பேசும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வேறு அணிக்குப் போக வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும். அவர் யாருக்கும் போட்டதில்லை.

கர்லிங்கில் நாட்டில் முதலாவதாக வரும் அணியே நாட்டுக்காக ஆடும். இவர்களுக்கு முதல் வெளிநாடு நியூசிலாந்து. போட்டியில் ஆறு அணி, இவர்கள் ஐந்தாவது. அடுத்த வருஷம் வெள்ளி. நாரே அந்தப் பதக்கத்தைக் கொண்டுவந்து அப்பா கழுத்தில் போட்டாள். அவர் அதைக் கழற்றாமல் மூன்று நாள் மீன் ஏற்றினார். உப்பு பட்டுப் பளபளப்பு போய்விட்டது. அம்மா திட்டினாள்.

இருபத்திரண்டு வயதில் கனடாவில் தொடர் போட்டிக்குப் போனார்கள். ஆறு வாரம். ஒரு வீட்டின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஐந்து பெண்களும் தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். கடைசிப் போட்டியில் ஜெயித்தால் உலகப் போட்டிக்குப் போதுமான தரப்புள்ளி கிடைத்துவிடும். வியாழனிலிருந்து ஞாயிறு வரை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்தில் ஜெயித்தார்கள். அரங்கத்திலிருந்து வேனில் திரும்பும்போது, பாங் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நாரே, உங்கப்பா தவறிட்டார்மா. பந்தல்லேருந்து விழுந்துட்டார். நாளைக்குக் காலையில உனக்கு டிக்கெட் போட்டிருக்கு."

"எப்ப சார்?"

"வியாழக்கிழமை."

நாரே விரல் விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. மூன்றாம் நாள் எடுத்திருப்பார்கள். அவள் அரையிறுதியில் எட்டாவது சுற்று ஆடிக்கொண்டிருந்தபோது அப்பாவை மலையில் புதைத்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. மடியில் கிடந்த பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதன் காகிதத்தைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தாள்.

வீட்டில் காத்திருந்தது இன்னொன்று. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சிட்டியாமே" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா. அவரு எங்கிட்ட சொல்லவே இல்ல."

"கோச்சு போன்ல சொன்னாரு. உங்கிட்ட சொன்னாராம். ஆட்டத்த முடிச்சுட்டே வரேன்னு நீதான் சொன்னியாம். பொண்ணு மனசு உறுதியானவ, நீங்க பெருமைப்படணும்னாரு."

"பொய்ம்மா அது."

"சரி" என்றாள் அம்மா. சூப்பைக் கிண்டினாள். "சரி, சாப்பிடு."

நம்பினாளா இல்லையா என்று நாரேக்குக் கடைசிவரை தெரியவில்லை. சொந்தக்காரர்கள் நம்பவில்லை. சித்தப்பா ஒருத்தர், முன்னோருக்குப் படைக்கும் அறுவடைத் திருநாளன்று, கல்லறைக்கு முன்னால் வைத்தே, "இவ வரலேன்னா என்ன, மெடலு வந்துச்சே" என்றார்.

ஏன் அணியை விட்டுவிட்டு வரவில்லை என்று யாரும் கேட்கலாம். அப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கையெழுத்து பாங்கிடம் இருந்தது. அதைவிட, அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. பத்து நாள் கழித்து விடுதிக்குத் திரும்பி, கைப்பேசியை அவர் பையில் போட்டாள்.

உலகப் போட்டியில் பன்னிரண்டில் பத்தாவதாக வந்தார்கள். அடுத்த முறை ஏழாவது. அந்தப் பயணத்தில்தான், ஒரு சாயங்காலம், ஜின்ஜு குடித்துவிட்டு உளறினாள். நாரேயின் அப்பா இறந்த செய்தியை அந்த வியாழக்கிழமையே பாங் தன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், வாயைத் திறந்தால் அணியே இருக்காது என்றார்.

"நான் என்னடி பண்றது. நான் தலைவி. ஆனா பொமிக்கு அப்படி ஒண்ணும் இல்ல பாரு."

"பொமிக்கு என்ன அக்கா?"

ஜின்ஜு அவள் முகத்தைப் பார்த்தாள். போதை சட்டென்று இறங்கிவிட்டது. "துவைக்கிற மிஷினுக்குச் சில்லறை கேக்க வந்தா அன்னைக்கு. கதவுக்கு வெளியில நின்னா. அவளும் கேட்டா. நான் எதுவும் சொல்லல, நீ போய் அவகிட்ட கேட்டுக்கிட்டு நிக்காத."

நாரே போய்க் கேட்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாளும் பொமி அவள் பக்கத்துப் படுக்கையில் படுத்திருக்கிறாள். அவள் தலையோடு தலை ஒட்டித் தேய்த்திருக்கிறாள். பொமியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒருத்தி கால் பிடித்துக்கொண்டால் இன்னொருத்தி உருவிவிட்டாள். பழைய சிரிப்பு மட்டும் இல்லை. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளாக இன்னும் மூன்று வருஷம் ஓடினார்கள்.

ஒலிம்பிக் தகுதிப் போட்டி எஸ்தோனியாவில் நடந்தது. மிச்சமிருந்தது ஓர் இடம். செக் அணியோடு கடைசி ஆட்டம். தகுதி பெற்றால் அணிக்கு நாலு வருஷ ஒப்பந்தம், இல்லாவிட்டால் கலைப்பு என்று மாவட்ட அலுவலகம் முன்பே சொல்லிவிட்டது. நாரேக்கு இருபத்தாறு வயது. இடது தோளில் ஊசி போட்டுக்கொண்டுதான் இறங்கினாள்.

பத்தாவது சுற்று. புள்ளி சமம். நடுவுக்கு அருகே செக் கல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஜின்ஜுவின் கையில் கடைசிக் கல். அது செக் கல்லைவிட உள்ளே போய் நின்றால் ஜெயம்.

கல் மெதுவாகத்தான் வந்தது. "தேய், தேய்" என்று ஜின்ஜு பின்னாலிருந்து கத்தினாள். நாரேயும் பொமியும் முழு உடம்பையும் துடைப்பத்தின் மேல் சாய்த்தார்கள். வட்டத்துக்குள் நுழைந்ததும் கல் உயிர் போகிறாற்போல் தளர்ந்தது. இன்னும் ஒரு கை நீளம். பொமியின் துடைப்பம் ஒரு நொடி பின்னுக்கு இழுபட்டது. கல்லின் விளிம்பில் உரசியது. சத்தம்கூட இல்லை. செக் தலைவி எதிர்ப்பக்கம் நின்றாள், பொமியின் முதுகு மறைத்திருந்தது. கல் போய் நின்றது, செக் கல்லைவிட ஒரு சாண் உள்ளே.

பின்னால் ஜின்ஜு முழங்காலிட்டு அழத் தொடங்கியிருந்தாள். பொமி குனிந்தபடியே நின்றாள்.

"பட்டுடுச்சு" என்றாள் நாரே. கையைத் தூக்கியிருந்தாள்.

செக் தலைவி புரியாமல் பார்த்தாள். யாருடையது என்பது போலக் கையை விரித்தாள். நாரே தன் துடைப்பத்தை நீட்டிப் பொமியைக் காட்டினாள்.

செக் பெண்கள் நால்வரும் தலை சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர்களுடைய தலைவி வந்து, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அந்தக் கல்லைக் காலால் மெதுவாக வெளியே தள்ளினாள். அது அவர்கள் உரிமை. நடுவுக்கு அருகே செக் கல்லே மிஞ்சியது, ஆட்டம் அவர்களுக்கு. எல்லோரும் கை குலுக்கினார்கள். பொமியின் கை ஐஸ் போல இருந்ததாகச் செக் பெண் ஒருத்தி பிறகு பேட்டியில் சொன்னாள்.

உடைமாற்றும் அறையில் பாங் உள்ளே வரவில்லை. ஜின்ஜு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொமி ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாருன்னு காட்டணும்னு சட்டத்துல இருக்கா?"

"இல்ல" என்றாள் நாரே.

"அப்பறம் ஏன் காட்டின?"

"அவ கேட்டா."

"உங்கப்பாவுக்காகத்தானே?"

இல்லை என்று சொல்ல நாரே வாய் எடுத்தாள், சொல் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கே பயம் வந்தது.

ஊரில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். உரசியதைக் கேமரா பிடிக்கவில்லை. நீட்டிய துடைப்பம்தான் எல்லாத் திரையிலும் வந்தது. ஒரு கூட்டம் நாரேயைத் துரோகி என்றது, இன்னொரு கூட்டம் நேர்மைக்காரி என்றது. இரண்டு கூட்டமும் சேர்ந்து மிதித்தது பொமியை. கல்லை இடித்தவள், இடித்துவிட்டுக் கமுக்கமாக நின்றவள். பொமியின் அப்பா ஓட்டும் பஸ்ஸில் ஏறியவன் ஒருத்தன், "உங்க பொண்ணு மாதிரி நீங்களும் இடிச்சுட்டுச் சொல்லாம போயிடாதீங்க" என்றானாம். அவர் அடுத்த மாதம் வேலையை விட்டார். குடும்பமே இன்சோனுக்குப் போய்விட்டது. போகிற அன்றைக்கு நாரே தெருமுனை வரை போனாள். சாமான் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அணியைச் சொன்னபடி கலைத்தார்கள். ஜின்ஜுவை ஒரு பெரிய நகரத்து அணி எடுத்துக்கொண்டது. பாங்குக்கு இளையோர் அணி. நாரேயை ஒரே ஒரு முறை இன்னோர் அணி ஐந்தாவது, மாற்று ஆளாக ஜப்பானுக்குக் கூட்டிப்போனது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் ஓர் ஆட்டம் ஆடினாள். கல் ஓடும்போதெல்லாம் கூடத் தேய்க்கும் பெண் கல்லைப் பார்க்காமல் நாரேயின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் நாரே தேசிய உடையை மடித்துக் கொடுத்துவிட்டாள். எட்டு வருஷத்தில் பதினேழு நாடு. அம்மாவுக்குத் துணையாகப் பந்தலுக்குப் போனாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அதனால் கீழே உட்கார்ந்து மீன் கோப்பாள், ஏற்றுவதற்கு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

நாலு வருஷம் போனது. இளையோர் அணிப் பெண் ஒருத்தி மணிக்கட்டு முறிந்த நிலையில் ஆட வைக்கப்பட்டதாகப் பாங் மேல் புகார் கொடுத்தாள். பழைய அணியில் யாராவது பேச முடியுமா என்று விசாரணைக் குழுவிலிருந்து நாரேக்குக் கடிதம் வந்தது. நாரே எழுதத் தயாராக இருந்தாள். ஆனால் அவளிடம் அப்பாவின் சாவு பற்றி யாரும் சொல்லவில்லை என்பதற்கு அவள் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? பாங், சொன்னேன் என்பார். ஜின்ஜுவைக் கேட்டாள். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷ ஆட்டம் இருக்குடி" என்று போனை வைத்துவிட்டாள்.

அதனால்தான் நாரே இன்சோனுக்குப் போனாள்.

பொமி ஒரு சரக்குக் கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் வேலையில் இருந்தாள். மதிய இடைவேளையில் வாகன நிறுத்தத்தில் வைத்துச் சந்தித்தார்கள். பொமி மறுபடி மெலிந்திருந்தாள். கையில் அரிசி உருண்டை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றாள்.

"உங்கம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. முட்டி வலி."

"இப்ப என்ன, சாட்சி சொல்லணுமா?"

"உன்னை வற்புறுத்தல. அன்னைக்கு நீ கேட்டத மட்டும் சொன்னாப் போதும்."

"நான் கேட்டதையா?" பொமி சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "கேட்டுட்டுச் சும்மா இருந்தேன்னு ஊரெல்லாம் மறுபடி தெரியணும். ஏற்கெனவே எனக்கு அந்தப் பேருதானே."

"நான் தப்புன்னு சொல்ல வரல பொமி."

"நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பட்டுச்சு. எனக்குத் தெரியும். கையில தெரிஞ்சுது. நான் சொல்லத்தான் போனேன். நிமிந்து, மூச்சு விட்டுட்டு, சொல்லியிருப்பேன். ஒரு நொடி. அந்த ஒரு நொடிய நீ எனக்குக் குடுக்கல."

நாரே அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகவும் இருக்கலாம். நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளே நம்பிக்கொண்டதாகவும் இருக்கலாம். கேட்டவளுக்கும் தெரியாது, சொன்னவளுக்கும் தெரியாது.

"மன்னிச்சுக்கடி" என்றாள்.

"எதுக்கு? சொன்னதுக்கா, காட்டினதுக்கா?"

"காட்டினதுக்கு."

பொமி அரிசி உருண்டையை மறுபடி தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். மணி அடித்தது. "சாட்சியெல்லாம் என்னால முடியாது. எம்புருஷனுக்கே நான் ஆடினது தெரியாது. இனிமே வராத நாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாரே ஊர் திரும்பித் தன் கதையை மட்டும் நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். குழு ஏழு மாதம் எடுத்துக்கொண்டது. பாங்குக்கு ஒரு வருஷத் தடை. அவ்வளவுதான். அது முடிந்ததும் வேறொரு பள்ளியில் சேர்ந்துகொண்டார் என்று கேள்வி. முறிந்த மணிக்கட்டுக்காரப் பெண் ஆட்டத்தை விட்டுவிட்டாள்.

தீர்ப்பின் நகலைச் சாட்சிகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். பெயர்களைக் கறுப்படித்திருந்தார்கள். ஒரு மத்தியான நேரம், பந்தலில் கையுறையைக் கழற்றிவிட்டு நாரே அதைப் புரட்டினாள். சாட்சி மூன்று தான்தான் என்று தெரிந்தது. சாட்சி நான்கு என்று இன்னொருவர் இருந்தார். இரண்டே பத்தி.

அந்த வியாழக்கிழமை கதவுக்கு வெளியே நின்று கேட்டதாக அதில் இருந்தது. மறுநாள் காலை அந்தப் பெண் முட்டை பொரித்துக்கொண்டே, தன் அப்பா பதக்கத்தைப் போட்டுக்கொண்டு மீன் ஏற்றிய கதையைச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று இருந்தது. சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பயமாக இருந்தது.

நாரே அந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மாவுக்குக் கண்ணாடி கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் நாரேயே நின்றுகொண்டு சத்தமாக வாசித்துக்காட்டினாள். அம்மா கடைசிவரை கேட்டாள்.

"அப்ப உனக்குத் தெரியாதுதான்" என்றாள்.

"தெரியாதும்மா."

அம்மா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். "உங்கப்பாவுக்கு அன்னைக்கு முகத்துல ஒரு காயமும் இல்ல. தூங்குறாப்லதான் இருந்தாரு" என்றாள். எட்டு வருஷத்தில் அதை அவள் மகளிடம் முதல் தடவையாகச் சொன்னாள்.

நாரே அன்று சாயங்காலம் பொமியின் எண்ணுக்கு அடித்தாள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது. கிடங்குக்கு அடித்துக் கேட்டாள். அப்படி ஒருத்தர் போன மாதமே நின்றுவிட்டார், எங்கே போனார் என்று தெரியாது என்றார்கள். அவள் பிறகும் சில இடங்களில் விசாரித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை.